துவர்ப்பு எரிக்காது

பார்லர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, முதலில் உங்கள் மேக்கப் பெட்டியைத் திறந்து, தண்ணீர் மாதிரி இருக்கும் அந்த பாட்டிலை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஆமாம், அதேதான். அஸ்ட்ரிஞ்சென்ட். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேசி முடிக்கும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது!

காரைக்காலில் முப்பது வருஷத்துக்கு மேல் பார்லர் நடத்தினேன்; போன வருஷம்தான் ஷட்டரை இறக்கினேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான். கை இன்னும் துறுதுறுவென்றுதான் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து உங்கள் ரீல்ஸ் ஒன்று விடாமல் பார்க்கிறேன். அடேயப்பா, என்ன கை, என்ன வேகம்! ஐலைனரை ஒரே இழுப்பில் இழுத்துவிடுகிறீர்கள். நாங்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்று இழுப்பு இழுத்தவர்கள். பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஆனால் போன வாரம் ஒரு பெண், கல்யாணப் பெண்ணின் முகத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "லைட்டா எரியும், பயப்படாதீங்க. எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்." கையிலிருந்த காபி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டேன். ஏன் தெரியுமா? அது என் வாக்கியம்! என்னிடம் வேலை பார்த்த பெண்கள் தனியாகக் கடை போட்டார்கள். அவர்களிடம் வேலை பார்த்தவர்களும் தனியாகக் கடை போட்டார்கள். சீப்பு, கத்தரியோடு இந்த வாக்கியமும் கூடவே போயிருக்கிறது. ஊர் முழுக்கப் பரப்பியவள் நான். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியவளும் நான்தான். அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துவிடலாம். நான் தொழில் தொடங்கிய காலத்தில் அது எனக்கு வாயில் நுழையவே இல்லை. 'டைட்டா ஆக்குற தண்ணி' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். புருவம் திருத்த வருகிற ஒரு கல்லூரி ஆசிரியை இருந்தார். செடிகொடிகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். ஒரு நாள் பாட்டிலை வாங்கிப் படித்துவிட்டுச் சிரிசிரியென்று சிரித்தார்.

"இது என்னான்னு தெரிஞ்சுதான் போடுறீங்களா? துவர்ப்புங்க! வாழைப்பூ, கொய்யாப்பிஞ்சு, கடுக்காய், மாதுளந்தோலு... எது பட்டா சதை சுருங்குதோ அதுக்கெல்லாம் இந்தப் பேருதான்."

"நல்லா சொன்னீங்க போங்க! நான் என்னமோ வாழைப்பூவ முகத்துல தேய்க்கிற மாதிரி."

"கொய்யாப்பிஞ்ச கடிச்சா வாய் என்னா பண்ணும்? நாக்கு, கன்னமெல்லாம் உள்ளுக்குள்ள இழுத்துப் புடிக்கும்ல? அதே வேலைதான் தோல்லயும். வேர்வைக் கண்ணு சுருங்கும், எண்ணெப்பசை அடங்கும், சின்னக் கீறல்லேந்து ரத்தம் வந்தா நிக்கும்."

நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு நூலைப் பல்லில் கடித்து அடுத்த புருவத்துக்குப் போய்விட்டேன். அன்றைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கொய்யாப்பிஞ்சு வாயை இழுக்கும் சரி, எரிக்குமா? கேட்கவில்லை. எனக்கு அப்போது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு!

அந்த நினைப்புக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. என் பார்லரை ஒட்டியே ஒரு சலூன். நடுவில் ஒரே சுவர், வெளியே ஒரே தண்ணீர்க்குழாய். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். நல்ல மனிதர், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஒரு நாள் குழாயடியில், "என்னாங்க, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே தொழிலு, இன்னும் பேசிக்காம இருக்கோம்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! நான் சென்னைக்குப் போய் டிப்ளமோ வாங்கி, ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறேன். சவரக்கடைக்காரர் ஒரே தொழில் என்கிறாரே என்று பல வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாட்டுக்கு என்னைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி வினோதினியின் கல்யாணத்துக்கு வருகிறேன். நடந்து சில வருஷம்தான் ஆகிறது.

வினோதினிக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் நெரவி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம். அவள் காரைக்காலில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். தினமும் ஸ்கூட்டியில் வந்துபோவாள். பதினோராவது படிக்கும்போது வந்த பரு, போகும்போது கன்னம் முழுக்கத் தடம் போட்டுவிட்டுப் போனது. அவ்வளவுதான் குறை, அதைக் குறை என்று சொல்வதே பாவம். ஆனால் முதலில் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார், சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, 'பொண்ணு முகத்துல மாசு இருக்கு' என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் வந்தாள்.

நானும் சும்மா இல்லை. அடுத்து ஓமனில் வேலை பார்க்கும் ஒரு பையனின் ஜாதகம் வந்தது. அனுப்பிய போட்டோவுக்கு நான் மேக்கப். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் மேக்கப். நிச்சயதார்த்தத்துக்கும் நான்தான். அவன் ஓமனிலிருந்து வீடியோ காலில் வரும்போது பூசிக்கொள்ள எந்தப் பவுடர், எந்த விளக்கு என்பதுவரை நான் சொல்லிக்கொடுத்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் ஃபேஷியல் செய்யும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, அவரு என்ன வெறும் முகத்தோட பாத்ததே இல்ல."

"நாளைக்கும் பாக்க மாட்டாரு! நான் எதுக்குடி இருக்கேன்?"

அவள் சிரித்தாள். நான் அதைவிடப் பெரிதாகச் சிரித்தேன்.

முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். மண்டபம் காரைக்காலில்தான், மாடியில் பெண் வீட்டு அறை, கீழே மாப்பிள்ளை அறை. காலை ஏழரைக்கு வேலையைத் தொடங்கினேன். வைகாசி மாதம், கடற்கரை ஊர்ப் புழுக்கம். ஃபேன் காற்றே வெந்நீர் ஆவி மாதிரி வந்தது. இந்த ஊரில் மணப்பெண் மேக்கப் போடுகிறவர்களுக்கு எல்லாம் ஒரே பயம்தான், தாலி கட்டுவதற்குள் முகம் வழிந்துவிடும் என்று. அதற்கு என்னிடம் ஒரு முறை உண்டு. மற்றவர்கள் அஸ்ட்ரிஞ்சென்டை ஒரு தடவை துடைத்தால் நான் மூன்று தடவை துடைப்பேன். தோல் இறுகப் பிடித்துக்கொள்ளும், மேக்கப் மத்தியானப் பந்திவரை அசையாது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கிராக்கி!

அன்றைக்கு நான் செய்த தப்பு ஒன்றல்ல. வழக்கமாக வாங்குகிற பாட்டில் தீர்ந்துவிட்டது. ஒரு கஸ்டமரின் வீட்டுக்காரர் துபாயிலிருந்து கொண்டுவந்த பெரிய பாட்டிலைப் புதிதாகத் திறந்தேன். பின்னால் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படிக்கவில்லை. என் கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவில்லை. போதாக்குறைக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும் நாலு முடி தெரிகிறதே என்று காலையில்தான் நூல் போட்டு எடுத்திருந்தேன். அந்தத் தோல்மேல் பஞ்சை வைத்தேன்.

முதல் துடைப்பிலேயே அவள் தோள் தூக்கிப் போட்டது.

"அக்கா, எரியுது."

"அப்படித்தான்டி இருக்கும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

இரண்டாவது துடைப்பு. புடவை மடிப்பைக் கையில் கசக்கிப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப எரியுதுக்கா" என்றாள், குரலே இல்லாமல்.

"அழகா இருக்கணும்னா கொஞ்சம் பொறுத்துக்கணும் கண்ணு."

மூன்றாவது துடைப்பு. இதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அழகாக இருக்க வேண்டும் என்று நான் சொன்ன பிறகு அந்தப் பெண் வாயைத் திறப்பாளா? அன்றைக்கு யாரைவிடவும் அவளுக்குத்தானே அது வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் என் மனம் கொதிக்கிறது.

ஐந்தே நிமிஷம். நெற்றியில் பட்டையாகச் சிவப்பு. மேலுதட்டில் சிவப்பு. அப்புறம் இரண்டு கன்னங்களும் திட்டுத்திட்டாகச் சிவந்து லேசாக மேடு தட்டின. சிவப்பை மறைக்கப் பச்சை கன்சீலர் வைத்திருப்போமே, அதை எடுத்து விரலால் தொட்டு வைத்தேன். "அம்மா!" என்று கத்திவிட்டாள்.

சத்தம் கேட்டு அவள் அத்தை உள்ளே வந்தார். அப்பாவின் அக்கா; கல்யாணத்தின் முழு அதிகாரமும் அந்த அம்மாள் கையில்தான். முகத்தைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்தார்.

"ஐயையோ! என்னாடி இது? நேத்து நலங்குக்கு மாப்பிள்ளை வீட்டுல குடுத்தனுப்புன மஞ்சள்தான்! பாக்கும்போதே நெனச்சேன், கலரப் பாரு கலர! கலப்பட மஞ்சள அனுப்பி எம் பொண்ணு மூஞ்சிய இப்படிப் பண்ணிட்டாங்களே!"

பெண்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு ஒரு கதவு திறந்தது பாருங்கள்! நான் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். முப்பது வருஷத்துப் பெயர் தப்பிக்கும். மூடிக்கொண்டுதான் நின்றேன். வினோதினி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் பஞ்சைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா, இதுக்கு ஒண்ணு எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். எதை எடுக்க? எனக்கே தெரியாமல் அந்தக் கல்லூரி ஆசிரியை சொன்னது ஞாபகம் வந்திருந்தது. இழுத்துப் பிடிக்கும், ரத்தத்தை நிறுத்தும். மாப்பிள்ளைக்கு முகூர்த்தத்துக்கு முன் சவரம் செய்வது வழக்கம் இல்லையா? யார் வந்திருக்கிறார் என்று காலையிலேயே பார்த்திருந்தேன். என் பக்கத்துக் கடைக்காரரேதான்! அவரிடம் படிகாரம் இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துப் போட்டால் எல்லாம் சுருங்கி அடங்கிவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன்.

மாப்பிள்ளை அறைக் கதவைத் தட்டக்கூட இல்லை, தள்ளிக்கொண்டு போய் நின்றேன். போன வேகத்தில் கதவு சுவரில் அடித்த சத்தத்துக்கு மாப்பிள்ளை திடுக்கிட்டுத் தலையைத் திருப்ப, தாடையில் கத்தி ஒரு கீறு கீறிவிட்டது. ரத்தம் புள்ளியாக வந்தது. ஒரே காலையில் பெண்ணையும் ஒரு வழி பண்ணி மாப்பிள்ளையையும் ஒரு வழி பண்ணிவிட்டேன்!

கடைக்காரர் பதறவே இல்லை. பெட்டியிலிருந்து கற்கண்டு மாதிரி ஒரு கட்டியை எடுத்தார், தண்ணீரில் நனைத்தார், கீறலில் வைத்து அழுத்தினார். எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. கண்முன்னால்! மாப்பிள்ளை இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"கொஞ்சம் வெளில வாங்களேன்" என்று கடைக்காரரை நடைக்குக் கூப்பிட்டு, கிசுகிசுவென்று விஷயத்தைச் சொன்னேன். கிசுகிசு என்று நான் நினைத்துக்கொண்டேன். பதற்றத்தில் என் குரல் எவ்வளவு உயரும் என்று என்னிடம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். "பொண்ணு முகம் வெந்து போச்சுங்க. நான்தான் மூணு தடவ துடைச்சேன். அந்தப் படிகாரத்தக் குடுங்க."

"தர மாட்டேங்க" என்றார்.

பழைய கோபத்தைத் தீர்த்துக்கொள்கிறாரா? "ஏங்க, இந்த நேரத்துலயா?" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"கோவிச்சிக்காதீங்க. கீறுன தோலுக்குத்தான் இது. வெந்த தோல்ல வச்சா இன்னும் இழுத்துப் புடிச்சி, உள்ளத கெடுத்துப்புடும். நீங்க என்னாத்த போட்டீங்க, அதக் காட்டுங்க."

பாட்டில் என் கையிலேயே இருந்தது. மூடியைத் திறந்து மூக்கருகே வைத்தவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "முழுக்க ஸ்பிரிட்டுங்க இது! ஊசி போடுறதுக்கு முன்னாடி தடவுவாங்கல்ல, அந்த வாடை." அப்புறம் அந்தப் படிகாரக் கட்டியின் சுத்தமான மறுமுனையைத் தட்டி, ஒரு சின்னச் சில்லை என் கையில் வைத்தார். "நாக்கு நுனில வச்சிப் பாருங்க."

அந்த அவசரத்திலும் வைத்தேன். வாய் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டது. கொய்யாப்பிஞ்சைக் கடித்த மாதிரி அப்படியே! இழுத்தது. எரியவில்லை. கொஞ்சம்கூட எரியவில்லை! அட, இதுவா துவர்ப்பு! இதுவா அந்த அஸ்ட்ரிஞ்சென்ட்! எத்தனை வருஷமாக எரிச்சலைப் பிடித்துக்கொண்டு அதுதான் வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நடையில், அந்த நிலைமையில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு விஷயம் பிடிபடுகிற சந்தோஷம். ஒரு நொடிதான், அடுத்த நொடி பெண்ணின் முகம் ஞாபகம் வந்துவிட்டது.

"இப்ப என்னாங்க பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதீங்க. பச்சத் தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவுங்க. தேய்க்காதீங்க. ஈரத்துணி போட்டு விட்டுடுங்க. பவுடர், கிரீம் எதுவும் இன்னைக்குக் கிட்டயே போவக் கூடாது. நாளைக்கும் அடங்கலன்னா டாக்டர்ட்ட காட்டச் சொல்லுங்க." கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "கை வைக்காம இருக்குறதுதாங்க நம்ம தொழில்ல கஷ்டம்."

நம்ம தொழில்! இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

மாடிப்படி ஏறப் போனால், எதிரே அத்தை இறங்கி வருகிறார். கையில் மஞ்சள் பாக்கெட். கண் சிவந்திருக்கிறது. "எங்க அந்தச் சம்பந்தியம்மா? இதக் கரைச்சி அவங்க மூஞ்சில பூசிக் காட்டச் சொல்றேன். அப்பத் தெரியும்!"

படியின் நடுவில் நின்றுகொண்டேன். கீழே நாகஸ்வரக்காரர்கள் வாசிக்கிறார்கள், பந்தியிலிருந்து நெய் வாசனை வருகிறது. இன்னும் பத்துப் படி அந்த அம்மாள் இறங்கினால் கல்யாணம் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. தாலி ஏறாமலே போகலாம். ஏற்கெனவே ஒரு வரன் முகத்தைச் சொல்லித் தட்டிப்போன பெண், அவளுக்கு இது இரண்டாவது தடவை. நானோ இன்னும் என் பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"அம்மா, மஞ்சள் இல்லம்மா. நான்தான்."

"என்னது?"

"புது பாட்டில பரிசோதிக்காமப் போட்டுட்டேன். எரியுதுன்னு ரெண்டு தடவ சொன்னா. நான் கேக்கல. அவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

அந்த அம்மாள் என்னைத் திட்டிய திட்டு! அப்பப்பா! என் குலம், கோத்திரம், டிப்ளமோ, ஃபிரேம் எதுவும் பாக்கி இல்லை. "ஊருக்கெல்லாம் அழகு பண்றேன்னு போர்டு போட்டுக்கிட்டு, எங்க புள்ள மூஞ்சியத்தான் ஒனக்குக் கொளுத்தக் கெடச்சுதா?" அவ்வளவும் நியாயம். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். திட்டிக்கொண்டே அவர் என்னோடு மாடிக்குத் திரும்பி ஏறினார். மஞ்சள் பாக்கெட் இடுப்பில் செருகப்பட்டுவிட்டது. அது போதும் எனக்கு.

தண்ணீர் கேனை இழுத்து வைத்து, புடவைக்கு மேல் துண்டு போட்டு, ஊற்றி ஊற்றிக் கழுவினேன். அத்தை திட்டுவதை நிறுத்தாமலே மெல்லிய பருத்தித் துணியைக் கிழித்து நனைத்து நனைத்துக் கொடுத்தார். வினோதினி அசையாமல் படுத்திருந்தாள். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"அழக்கூட முடியலக்கா. கண்ணீர் பட்டா எரியுது."

"வினோ, என்னை மன்னிச்சிடும்மா."

"மேக்கப் போட முடியாதா?"

"போடலாம். எனக்குப் போடத் தெரியும். ஆனா போடக் கூடாது."

"போட்டா என்னா ஆவும்? உண்மையச் சொல்லுங்க."

"இன்னைக்கு ரெண்டு மணி நேரம் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வீங்கும். தோல் உரிஞ்சி நாள்கணக்கா நிக்கும். புதுத் தடம் விழுந்தாலும் விழும்."

மேடு தட்டியிருந்தது அடங்கிவிட்டது; சிவப்பு மட்டும் நின்றது. அந்தச் சிவப்புக்கு அடியில், பத்து வருஷமாக அவள் மறைத்த தடங்கள் எல்லாம் அப்படியே தெரிந்தன. கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன். கணக்கு டீச்சர் இல்லையா, விடை சரியா என்று பார்க்கிற மாதிரி நிதானமாகப் பார்த்தாள். வெளியே யாரோ "பொண்ண அழைச்சிட்டு வாங்க!" என்று குரல் கொடுத்தார்கள்.

"எப்படியும் என்னைக்காவது பாக்கத்தான போறாரு" என்றாள். "கண்ணுக்கு மட்டும் மை வச்சி விடுங்கக்கா."

என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சின்ன மணப்பெண் அலங்காரம் அதுதான். இரண்டு கண்ணுக்கு மை, தலை நிறையப் பூ. பொட்டுகூட அத்தைதான் சுண்டுவிரலால் தொட்டும் தொடாமலும் வைத்தார்.

மணவறைக்குப் பக்கத்தில் நமக்கு ஒரு இடம் உண்டு, தெரியுமே உங்களுக்கு. டிஷ்யூவும் பவுடரும் வைத்துக்கொண்டு, வியர்த்தால் ஒற்றுவதற்கு நிற்போமே. அங்கேயே வெறுங்கையோடு நின்றேன். வீடியோக்காரர் விளக்கை நேராக அவள் முகத்தில் அடித்தார். முன்வரிசையில் ஒரு சலசலப்பு. வினோதினி தலை நிமிரவே இல்லை. அவள் கழுத்து நரம்பு துடிப்பது எனக்குத் தெரிந்தது. மாப்பிள்ளை அவளைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல முடியும். அந்த முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை. அவர் தாடையில் படிகாரம் காய்ந்து ஒரு வெள்ளைப் புள்ளி.

கெட்டிமேளம். தாலி ஏறிவிட்டது! அட்சதையைப் போட்டுவிட்டு நான் என்னையறியாமல் கைதட்டிவிட்டேன்.

அடுத்தது குங்குமம். ஐயர், "நெத்தியில வைங்கோ" என்றார். மாப்பிள்ளை குங்குமத்தைத் தொட்டுக்கொண்டு கையைக் கொண்டுபோனார். நான் மூன்று தடவை துடைத்த அதே நெற்றி. ஒரு விரல் தூரம் இருக்கும்போது அவர் கை நின்றது.

"எரியுதா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நடையில் நின்று நான் கிசுகிசுத்த கிசுகிசுப்பு கதவுக்கு அந்தப் பக்கம் முழுக்கக் கேட்டிருக்கிறது! வினோதினி முதல் தடவையாக நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கொஞ்சம்" என்றாள்.

"வைங்கோ, வைங்கோ, நேரமாறது" என்றார் ஐயர். வீடியோக்காரர், "சார், அப்படியே கையக் கொண்டுபோங்க சார்" என்றார். மண்டபமே பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை கையை இறக்கவில்லை, நெற்றியிலும் வைக்கவில்லை. அப்படியே மேலே கொண்டுபோய், வகிட்டில், முடி தொடங்குகிற இடத்தில் மட்டும் வைத்தார்.

"நெத்தில அப்புறமா வச்சிக்கிறேங்க. ஆறட்டும்."

என் பக்கத்தில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் இடுப்பில் மஞ்சள் பாக்கெட் இன்னும் செருகியபடியே இருந்தது.

பெண்களே, நான் டிப்ளமோ வாங்கியவள். காரைக்காலில் பாதி மணப்பெண்களின் முகத்தைத் தொட்டவள். எரியுது, எரியுது என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! ஒரே ஒரு முகத்துக்காவது என் கை நின்றதா? தொழில் தெரியாத ஒரு பிள்ளை, ஐயர் அவசரப்படுத்த, விளக்கு கண்ணைக் குத்த, ஊரே பார்க்கும்போது நிறுத்தினான்.

இப்போது அந்த பாட்டிலைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரு சொட்டு உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பாருங்கள். இழுத்தால் சரி. எரிந்தால், முதலில் கையை எடுங்கள்.